முதல் வீட்டுக்கு எண் பூஜ்யம்

கடிதம் 1

ஒக்கலிபுரம், பெங்களூரு
7 செப்டம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்னா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். புனேயில் உங்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் சரியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஒப்பந்தப்படி இது முதல் கடிதம். பிளாட்பாரத்தில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு மாற்றிச் சொல்லக்கூடாது: "பதினஞ்சு வாரம் நான் புது மொழி படிக்கிறேன். நீ வாரத்துக்கு ஒரு லெட்டர் தமிழ்ல எழுது. ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும்தான். உன் தமிழ் சண்டே ஸ்கூலோட நின்னுடக் கூடாது." போனில் பேசுவது கணக்கில் வராது என்றும் சொன்னீர்கள். வந்தாலும் பயனில்லை. அப்பா சாப்பாட்டைப் பற்றிக் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் மெஸ்ஸை மூடிவிடுகிறார்கள். எனக்குக் கிடைப்பது "சரிம்மா, வைக்கிறேன்" மட்டும்.

கடிதம் என்பதால் 'நீங்கள்' என்று எழுதுகிறேன். நேரில் பழையபடி நீதான்.

அப்பாவின் ரயில்வே பார்சல் ஆபீசில் எல்லோரும் உங்களை விசாரிக்கிறார்களாம். அப்பா சொல்கிற பதிலைக் கேளுங்கள்: "எங்க வீட்டம்மா புனேல பாம்பு பிடிக்கக் கத்துக்கினு இருக்குது." நீங்கள் படிக்கிற பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு மலைப்பாம்பு என்று அர்த்தம் என யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரமாக இதே பேச்சுதான். நேற்று அவர் வைத்த மீன்குழம்பில் புளியே இல்லை. கேட்டதற்கு, "உங்கம்மா பாம்பு பிடிக்கிறா, நான் மீன் பிடிச்சதே பெருசு" என்றார்.

எங்கள் பள்ளியிலும் இந்த வருடம் கம்ப்யூட்டர் வகுப்பில் பைத்தான்தான். தீபிகா மிஸ் எடுக்கிறார். "எங்க அம்மாவும் இதேதான் படிக்கிறாங்க மிஸ்" என்றேன். வகுப்பே திரும்பியது. "உங்கம்மா எந்த செக்‌ஷன்?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். அம்மா இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்துமூன்று வருடமாகக் கோபாலில் புரோகிராம் எழுதுகிறார் என்று விளக்கினேன். "கோபால் யாரு, உங்க அங்கிளா?" என்றாள் அதே பெண். அது 1959இல் பிறந்த கணினி மொழி என்று மிஸ்தான் சொன்னார்.

இப்போது ஒரு குறை. நீங்கள் மேசை இழுப்பறையில் விட்டுப்போன ஆபீஸ் சுற்றறிக்கையை வாசித்தேன். மார்ச்சில் பழைய கம்ப்யூட்டரை நிறுத்தப் போகிறார்கள், அது எனக்குத் தெரியும். பயிற்சித் தேர்வில் தேறாதவர்கள் மார்ச்சோடு வீட்டுக்குப் போகலாம், அதுவும் தெரியும். தேறியவர்கள் ஒரு வருடம் புனேயிலேயே வேலை செய்ய வேண்டும் என்று மூன்றாவது பத்தியில் இருக்கிறது. அதை ஏன் நீங்கள் சொல்லவில்லை?

அடுத்த வருடம் நான் பத்தாம் வகுப்பு.

அன்பு மகள்,
அன்னா


பயிற்சி விடுதி, புனே
15 செப்டம்பர் 2025

என் அருமை அன்னாவுக்கு,

இந்தக் கடிதத்தில் வருபவை: சாப்பாடு, ப்ரஹ்லாத், முற்றுப்புள்ளி, சுற்றறிக்கை.

சிரிக்காதே. கோபாலில் யார் யார் வரப்போகிறார்கள் என்று முதலில் அறிவித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும். பெயர் கொடுக்காத ஆள் நடுவில் நுழைய முடியாது. பைத்தானில் அந்த வழக்கமே இல்லை. யார் வேண்டுமானாலும் எந்த வரியிலும் வந்து உட்காரலாம். கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கிறது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சாப்பாடு: எல்லாவற்றிலும் சர்க்கரை போடுகிறார்கள். அப்பாவின் புளியில்லாத குழம்பை நினைத்து ஏங்கினேன் என்று அவரிடம் சொல்லிவிடாதே.

ப்ரஹ்லாத்: எங்கள் வாத்தியார். வயது இருபத்தைந்து. ஹூப்ளிக்காரன், அதனால் என்னிடம் மட்டும் கன்னடத்தில் பேசுகிறான். வகுப்பில் எட்டுப் பேர், எல்லோரும் என் வயதுக்காரர்கள், எட்டுப் பேருக்கும் வாசிக்கிற கண்ணாடி. முதல் நாள் பலகையில் அவன் சின்னதாக எழுதினான். எட்டுக் கண்ணாடிகளும் ஒன்றாக மூக்குக்கு இறங்கியதைப் பார்த்துப் பயந்து, அழித்துப் பெரிதாக எழுதினான். நல்ல பையன்.

முற்றுப்புள்ளி: கோபாலில் அதை மறந்தால் ராத்திரி ஓடுகிற வேலை முழுக்கத் தலைகீழாகிவிடும். இருபத்துமூன்று வருடமாக நான் பயந்த ஒரே ஆள் அந்தப் புள்ளிதான். பைத்தானுக்கு அது வேண்டாமாம். வேண்டாதது மட்டுமில்லை, வைத்தால் கோபம் வருகிறது. நேற்று முப்பது வரி எழுதினேன். ப்ரஹ்லாத் வந்து பார்த்து, முப்பது புள்ளிகளையும் ஒவ்வொன்றாக அழித்தான். பேன் பார்க்கிற மாதிரி பொறுமையாகச் செய்தான்.

சுற்றறிக்கை: முதலில் தேற வேண்டும். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

பள்ளிக்குப் போகும்போது தண்ணீர் பாட்டில் மறக்காதே.

அன்புடன்,
அம்மா


கடிதம் 10

ஒக்கலிபுரம்
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் குழம்பில் இப்போது புளி இருக்கிறது, உப்புதான் வருவதும் போவதுமாக இருக்கிறது.

இன்று ஆராதனை முடிந்ததும், கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் பாடகர் குழு எந்தெந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று பெயர் எழுதும் கேரல் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். வழக்கம்போல முதல் பெயர் பியாட்ரிஸ் ஆண்டி. கடைசிப் பாட்டு முடிவதற்கு முன்பே எழுந்து போய் மேசைக்குப் பக்கத்தில் பேனாவோடு நின்றுகொண்டார். "இருவத்தாறு வருசமா மொதப் பேரு என்னோடதுதான். பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்றவரைக்கும் காத்திருந்தா இந்த ஜனங்க முந்திக்கும்" என்றார். மொத்தம் முப்பத்தொரு வீடுகள்.

போன வருடம் பாடகர் குழு ஒரே மாலையில் ஒக்கலிபுரம், சிவாஜிநகர், மறுபடியும் ஒக்கலிபுரம் என்று அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் குழுவை நடத்தும் யூஜின் அங்கிள் என்னிடம், "அன்னாம்மா, நீதான் எப்பப் பாரு படிக்கிற பொண்ணு. ஏரியா ஏரியாவா பிரிச்சு லிஸ்ட் போட்டுக் குடு" என்றார். கையால் எழுதினால் அரைமணி நேர வேலை. ஆனால் நீங்கள் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தால் உங்களுக்கும் பயிற்சி, எனக்கும் பெருமை. தீபிகா மிஸ் லேபில் ஓட்டிப் பார்க்க அனுமதி கொடுத்துவிட்டார்.

கையால் எழுதி அனுப்புங்கள். உங்கள் கட்டம் போட்ட தாளில் எழுத்துகள் வரிசையாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அன்பு மகள்,
அன்னா


பயிற்சி விடுதி, புனே
17 நவம்பர் 2025

அருமை அன்னா,

இதில் வருபவை: புரோகிராம், ஒரு ரகசியம்.

புரோகிராம் தனித்தாளில் இருக்கிறது. இருபத்திரண்டு வரி. கோபாலில் எழுதியிருந்தால் இருநூறு வரி வந்திருக்கும். எழுதி முடித்ததும் ஏதோ விட்டுப்போன மாதிரியே இருந்தது, மூன்று முறை வாசித்தேன். முப்பத்தொரு பெயரையும் நோட்டில் உள்ள வரிசைப்படி மேலே ஏற்று. மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஒரு முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை, கவனித்தாயா?

ரகசியம்: இதை எழுதும்போது எனக்கு மெஸ் மணி கேட்கவில்லை. பக்கத்து அறை அம்மா தட்டில் சப்பாத்தி எடுத்துவைத்துக் கொண்டுவந்தார்.

தேர்வு டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. ஜெபித்துக்கொள்.

அம்மா


கடிதம் 14

ஒக்கலிபுரம்
7 டிசம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த வாரம் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒக்கலிபுரத்துக் கேரல். யூஜின் அங்கிளுக்குத் தொண்டை கட்டியதால், போன மாதம் நம் சபைக்குப் புதிதாக வந்த ஜாய்சன் அண்ணன் குழுவைக் கூட்டிப்போனார். அவருக்கு யார் வீடும் தெரியாது, என் தாளை மட்டும் பார்த்து நடந்தார். ஆறரைக்கு நம் வீட்டுக்கு வந்தார்கள். நானும் அப்பாவும் டீ கொடுத்தோம். பியாட்ரிஸ் ஆண்டி வீட்டை முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வீட்டுக்குப் போகவே இல்லை அம்மா. தாளில் அவர் பெயர் இல்லை.

ஆண்டி நட்சத்திர விளக்கைப் போட்டு, நாற்காலிகளை வாடகைக்கு எடுத்துப்போட்டு, அச்சு முறுக்கும் கல்கல் பலகாரமும் சுட்டு, பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாராம். நம் தெருவில் பாடியது அவருக்குக் கேட்டிருக்கிறது. இதோ வருகிறார்கள் என்று கதவைத் திறந்து வைத்தாராம். பாட்டுச் சத்தம் கிட்டே வந்து, அப்படியே தள்ளிப் போய்விட்டது.

இன்று கோவிலில் யூஜின் அங்கிள் கை கொடுக்கப் போனார். ஆண்டி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "இன்னா யூஜின், நான் செத்துப்போய்ட்டேன்னு லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டீங்களா? சாவுக்காவது வந்து பாடியிருக்கலாமே" என்றார். அங்கிள் நேராக என்னிடம் வந்தார். "ஏம்மா, லிஸ்ட்டைக் கம்ப்யூட்டர் போட்டுச்சுன்னு சொன்னியே. கம்ப்யூட்டருக்கும் ஆண்டிக்கும் என்ன சண்டை?"

நான் டைப் செய்யும்போது ஏதோ தவறவிட்டிருக்கிறேன். நாளை லேபில் பார்க்கிறேன். நீங்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், படியுங்கள்.

அன்பு மகள்,
அன்னா


எண் போடாதது

8 டிசம்பர் 2025, திங்கள்

அம்மா,

நேற்றைய கடிதத்தைக் காலையில் பெட்டியில் போட்டேன். மத்தியானம் லேபில் என் தப்பைத் தேடினேன். முப்பத்தொரு பெயரும் சரியாகத்தான் ஏற்றியிருக்கிறேன். பியாட்ரிஸ் ஆண்டியும் இருக்கிறார், முதல் ஆளாக. ஆனால் வெளியே வருவது முப்பதுதான். தீபிகா மிஸ், "ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல அதோட நம்பரையும் பிரிண்ட் பண்ணு" என்றார். ஒன்று முதல் முப்பது வரை வந்தது. மிஸ் சிரித்தார். "முதல் ஆள் எங்கே? பைத்தான் பூஜ்யத்துலேர்ந்து எண்ணும். நீ ஒண்ணுலேர்ந்து எண்ணினா முதல் ஆள் வாசல்லயே நிப்பாங்க. அது தப்புன்னும் சொல்லாது, ஒழுங்கா ஓடி முடிச்சிடும்."

உன் தாளை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாவது வரி. 1 என்று உன் கையெழுத்தில், கட்டத்துக்கு நடுவில், அழகாக.

இதை உனக்குச் சொல்ல ஒரு நிமிடம் போதும். போனில் "அம்மா, பூஜ்யம்" என்றாலே உனக்குப் புரிந்துவிடும். வெள்ளிக்கிழமை தேர்வு. சொன்னால் நீ தேறுவாய். தேறினால் ஒரு வருடம் இருக்கமாட்டாய். நான் பத்தாவது படிக்கும்போது, இந்த வீட்டில் அப்பா குழம்பில் உப்புத் தேடிக்கொண்டிருப்பார், நீ அங்கே இருப்பாய்.

சொல்லாவிட்டால் மார்ச்சில் நீ வீட்டுக்கு வந்துவிடுவாய்.

நாளைக்கு இதை அனுப்புவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்னா


கடிதம் 15

ஒக்கலிபுரம்
13 டிசம்பர் 2025, சனி

அம்மா,

காலையில் போனில் "போச்சுடா, ஒரு தப்பு" என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நாற்பது பாலிசிக்காரர்களுக்குப் புதுப்பிப்பு நோட்டீஸ் போட வேண்டிய புரோகிராமில் முப்பத்தொன்பதுதான் வந்தது என்று அப்பாவிடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அப்பா, "விடு யூனிஸ், ஒரு ஆள் தானே, நான் நடந்துபோய்க் குடுத்துட்டு வர்றேன்" என்றார். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நான் பாத்திரம் தேய்க்கப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

யார் விட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். முதல் ஆள்.

திங்கட்கிழமை எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து நாள் கணக்கு நோட்டுக்குள் இருந்தது. மடிப்பு தெரியும். நான் மறந்துவிட்டேன் என்று எழுதலாமா என்று யோசித்தேன், அது பொய். ஒவ்வொரு நாளும் நோட்டைத் திறந்தேன், ஒவ்வொரு நாளும் பார்த்தேன்.

நீ தேறக்கூடாது என்று நினைத்தேன். ஜெபிக்கச் சொன்னாய். நான் ஜெபிக்கவும் இல்லை, எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

'நீங்கள்' என்று எழுத வரவில்லை. மன்னித்துவிடு.

அன்னா


பயிற்சி விடுதி, புனே
16 டிசம்பர் 2025

அன்னாவுக்கு,

இதில் வருபவை: கோபம், என் கை, நான் மறைத்தது, ஒரு கேள்வி.

கோபம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இந்த வளாகத்தை மூன்று சுற்று நடந்தேன். மூன்றாவது சுற்றில் காவல்காரர் ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் கூட வந்து டார்ச் அடித்துத் தேட ஆரம்பித்துவிட்டார். அதற்குமேல் கோபமாக இருக்க முடியவில்லை.

என் கை: நீ நினைப்பது மாதிரி எனக்குப் பூஜ்யம் தெரியாமல் இல்லை. முதல் வாரமே ப்ரஹ்லாத் சொல்லிவிட்டான். நோட்டில் எழுதி இரண்டு கோடும் போட்டிருக்கிறேன். தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கோபாலில் முதல் ஆள் ஒன்று. இருபத்துமூன்று வருடம் ஒன்று என்று எழுதிய கை, நான் அவசரப்பட்டால் தானாக ஒன்று என்றுதான் எழுதும். வகுப்பில் பக்கத்தில் இருப்பவர் தட்டிச் சொல்வார், தேர்வில் சொல்லமாட்டார். ப்ரஹ்லாத் வந்த நோட்டீஸ்களை எண்ணிவிட்டு, "மேடம், ஒப்பரு கம்மி" என்றான். ஒருத்தர் குறைகிறார் என்று சொல்லும்போது அவனுக்கு என்னைவிட வருத்தம்.

நீ போனில் 'பூஜ்யம்' என்று சொல்லியிருந்தால்கூட, தெரியும்டி என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஒன்றுதான் எழுதியிருப்பேனோ என்னவோ. ஆனால் நட்சத்திர விளக்கைப் போட்டுவிட்டு, பாட்டு தள்ளிப்போவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பியாட்ரிஸ் என் வரியால்தான் அப்படி உட்கார்ந்தார் என்று தெரிந்திருந்தால் என் கை மறந்திருக்காது. நீ சொல்லாமல் விட்டதில் எனக்கு வலித்தது அந்த இடம்தான்.

நான் மறைத்தது: செப்டம்பரில் நீ நேராகக் கேட்டாய். பிறகு பார்க்கலாம் என்று எழுதினேன். பிறகு என்று சொன்னால் நீ மறுபடி கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு இந்த வேலை வேண்டும், அன்னா. சம்பளத்துக்காகவும்தான். அதைவிட, ஏதோ கற்பனைப் பெயர்களைப் போட்டு உன் கேரல் புரோகிராமை முதன்முதலில் இங்கே ஓட்டி, அவை ஏரியா ஏரியாவாகத் திரையில் வந்தபோது நாற்பத்தாறு வயதில் எழுந்து நின்று கைதட்டினேன். பழைய கம்ப்யூட்டரோடு என்னையும் மூடிவைத்துவிடுவார்கள் என்று இரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பயம் அன்று இல்லை. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஆசைப்படுகிறாள் என்று நீ நினைத்துவிடுவாய் என்று.

கேள்வி: மறுதேர்வு ஒருமுறை தருகிறார்கள், ஜனவரி 5. நீ வேண்டாம் என்றால் எழுதமாட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனால் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்காமல் எழுதமாட்டேன். நேராகச் சொல்.

'நீ' என்றே எழுது. பதினான்கு கடிதமும் வேறு யாருக்கோ வந்தவை மாதிரி இருந்தன.

அம்மா


கடிதம் 16

ஒக்கலிபுரம்
19 டிசம்பர் 2025, வெள்ளி

அம்மா,

எழுது.

எனக்கு நீ போவது இன்னும் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை, அதனால் இரண்டையும் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "உங்கம்மா கைதட்டுனாளா? எந்திரிச்சி நின்னா?" என்று இரண்டு முறை கேட்டார். அவருக்கு மற்றது எதுவும் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். ஆராதனை முடிந்ததும் பாடகர் குழு முழுவதும் பியாட்ரிஸ் ஆண்டி வீட்டுக்குப் போனது. பட்டப்பகல், நல்ல வெயில். ஜாய்சன் அண்ணன் வாசலில் தொங்கிய நட்சத்திர விளக்கைப் போட்டார், எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஆண்டி கதவைப் பாதிதான் திறந்தார். நான்தான் முன்னால் நின்றேன். "ஆண்டி, தப்பு எங்க வீட்டுது" என்று ஆரம்பித்து, முதல் ஆளுக்குக் கம்ப்யூட்டர் பூஜ்யம் என்று எண் கொடுப்பதையும், நாம் ஒன்றிலிருந்து எண்ணியதையும் சொன்னேன்.

ஆண்டி முழுவதும் கேட்டுவிட்டு, "இருவத்தாறு வருசமா மொதல்ல பேர் எழுதுறவ நானு. நான் ஜீரோவா?" என்றார்.

யூஜின் அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தோள் காட்டிக்கொடுத்தது. நான், "ஆமாம் ஆண்டி, ஒண்ணுக்கும் முன்னாடி இருக்கிறது அதுதான். உங்களுக்கு முன்னால யாருமே நிக்க முடியாது" என்றேன். ஆண்டி அதை வாய்க்குள் போட்டுப் பார்ப்பது மாதிரி யோசித்தார். "ஒண்ணுக்கும் முன்னாடியா" என்றார். கதவு முழுவதும் திறந்தது.

ஒரு பாட்டுக்கு வந்தவர்களை ஏழு பாட்டு பாடவைத்தார். ஏழாவது பாட்டில் யூஜின் அங்கிளின் தொண்டை மறுபடி கட்டிவிட்டது. கிளம்பும்போது பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஆண்டி சொல்வது கேட்டது: "எல்லாரும் ஒண்ணு ரெண்டுதான். நான் ஜீரோ."

உனக்குப் பத்துப் பயிற்சிக் கணக்குகள் வைத்திருக்கிறேன். தீபிகா மிஸ் பார்த்துச் சரி என்றார். பத்துப் பட்டியலிலும் முதல் பெயர் பியாட்ரிஸ் ஆண்டி. அவர் விட்டுப்போனால் நான் சிவப்புப் பேனாவில் பெரிய வட்டம் போடுவேன். டப்பாவில் அச்சு முறுக்கு இருக்கிறது, ஆண்டி கொடுத்தது. ப்ரஹ்லாத் சாருக்கும் நாலு கொடுக்கச் சொன்னார். "உங்கம்மாவுக்குப் பாடம் எடுக்கிறவன் பாவம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நீ ரயில் ஏறுவதற்குள் கிடைத்துவிடும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது முடித்த கணக்குகளோடு வா.

ஜெபிக்கிறேன். இப்போது என்ன கேட்பது என்று தெரிகிறது.

அன்னா


பயிற்சி விடுதி, புனே
8 ஜனவரி 2026

என் அன்னாவுக்கு,

இதில் வருபவை: ஐம்பது பேர்.

தேர்வில் இந்த முறை ஐம்பது பாலிசிக்காரர்கள். ஓட்டி முடித்ததும் கடைசி எண்ணை நான் பார்க்கவில்லை. முதல் நோட்டீஸ் யாருக்குப் போயிருக்கிறது என்றுதான் பார்த்தேன். லாத்தூரில் யாரோ ஒரு அம்மா. அவர் பெயருக்கு எதிரில் பூஜ்யம் என்று இருந்தது. நல்லாயிருங்கம்மா என்று திரைக்குச் சொன்னேன். ப்ரஹ்லாத் யாரிடம் பேசுகிறேன் என்று எட்டிப் பார்த்தான். ஐம்பதும் வந்தது. அவன் என்னைவிட முன்னால் எழுந்து கைதட்டிவிட்டான்.

ஒரு வருடம் புனே. ஜனவரி 27 சேர வேண்டும். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம், பள்ளியில் உனக்குப் பரீட்சை நடக்கும்போது விடுப்பு எடுப்பேன், எழுதிக் கேட்டுவிட்டேன், சரி என்று பதிலும் வந்துவிட்டது. இந்த முறை சொல்லாமல் விட்டது எதுவும் இல்லை.

14ஆம் தேதி வருகிறேன். அப்பாவிடம் மீன்குழம்பு வைக்கச் சொல். புளி உப்பு இரண்டும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் சாப்பிடுவேன்.

அம்மா


கடிதம் 0

ஒக்கலிபுரம்
25 ஜனவரி 2026, ஞாயிறு

அம்மா,

உன்னை ரயில் ஏற்றிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம். நீ இன்னும் துமகூரு தாண்டியிருக்கமாட்டாய். அதற்குள் கடிதமா என்று கேட்காதே, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

பிளாட்பாரத்தில் அப்பா யாரையும் பார்க்காமல் பார்சல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார் அல்லவா? திரும்பி வரும்போது ஒக்கலிபுரம் பாலத்துக்குக் கீழே நின்று, "பாம்பு பிடிக்கிறவ புருசன்னா சும்மாவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எனக்கு மசாலா பூரி வாங்கிக் கொடுத்தார். அவர் சாப்பிடவில்லை. பிறகு என்னுடையதில் பாதியைச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டரை எடுத்து ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் எண் போட ஆரம்பித்தார். இன்றைக்கு ஒன்று என்று எழுதினார். நான் பேனாவை வாங்கி அடித்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதினேன். "அப்படிப் போட்டா ஒரு வாரம் கொறஞ்சுடுமா?" என்று ஆசையாகக் கேட்டார். குறையாது, ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டுதான், கடைசி வாரத்துக்கு ஐம்பத்தொன்று என்று பெயர் மாறும், அவ்வளவுதான் என்றேன். கொஞ்சம் ஏமாற்றத்தோடு, "இருக்கட்டும், ஐம்பத்தொண்ணு கேக்கறதுக்கு நல்லா இருக்கு" என்றார்.

எனக்கும்தான்.

மேசை இழுப்பறையில் உன் பழைய கட்டம் போட்ட தாள்கள் ஒரு கட்டு இருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன். இனி உனக்கு அதில்தான் எழுதுவேன். கணக்கு நோட்டுக்குள் எதையும் வைக்கமாட்டேன்.

என் கடிதங்களை வாசித்து முடித்ததும் வரிசையாக அடுக்கி வை. எண்ணும்போது இதிலிருந்து எண்ணு.

உன்,
அன்னா